வாசகர் கேள்வி பதில்: வேகப் பரசூட்டின் செட்டை

சென்ற இதழில், டுபாயில் பரசூட் திருத்தும் தையல் கூடத்தில் நான் செய்த வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். வேகப் போட்டிக்காரர்கள் பாவிக்கும் சின்னப் பரசூட்டுகளைப் பற்றி அதில் ஒரு பந்திதான் இருந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பந்தியைத்தான் கேட்கின்றன. ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, தாய்லாந்தில் ஸ்கைடைவிங் பழகி 60 தடவை குதித்திருக்கிறேன். எடை 70 கிலோ. இதுவரை 190 சதுர அடிப் பரசூட்தான். சிநேகிதன் ஒருவன் நீள்வட்ட வடிவ 120 ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறான். வாங்கலாமா? — வாசகர், உவர்மலை

வாங்க வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்கள் 70 கிலோவோடு பரசூட், பை, ஹெல்மெட் எல்லாம் ஒரு 12 கிலோ சேரும். 82 கிலோ என்றால் ஏறக்குறைய 180 இறாத்தல். அதைப் பரப்பளவால் வகுத்தால், 190இல் சதுர அடிக்கு 0.95 இறாத்தல், 120இல் 1.5. பறக்கும் வேகம் இந்தச் சுமையின் வர்க்கமூலத்தோடு கூடும். ஆகவே 120இல் நீங்கள் கால்வாசி கூடுதல் வேகத்தில் வருவீர்கள். கால்வாசிதானே என்று தோன்றும். ஆனால் தரையில் மோதினால் எலும்பு தாங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். முதல் நூறு குதிப்புக்குள் சதுர அடிக்கு 1 இறாத்தலைத் தாண்ட வேண்டாம் என்றுதான் பல பயிற்றுநர்கள் சொல்வார்கள்.

சுமை ஒரு பக்கம்; வடிவம் இன்னொரு பக்கம். விரிந்த பரசூட் துணியைத்தான் செட்டை என்கிறேன். நீள்சதுரச் செட்டையில் நுனி வரை ஒரே அகலம், அதனால் பிரேக்கை, அதாவது செட்டையின் வாலை இழுக்கும் கயிற்றை, கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் நிதானமாகத்தான் திரும்பும். நுனி ஒடுங்கிய செட்டையில் அந்த நிதானம் கிடையாது. விரியும்போது உங்கள் இடுப்பு ஒரு பக்கம் சரிந்திருந்தால் போதும், அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். கயிறுகள் முறுக்கிக்கொண்டால், 190இல் காலை உதைத்து முறுக்கை அவிழ்க்க நேரம் கிடைக்கும். 120 நீள்வட்டத்தில் அது சுழன்றபடி கீழே இறங்கும். அதை அறுத்துவிட்டு மாற்றுப் பரசூட்டை எடுக்கும் முடிவைச் சில விநாடிகளில் எடுத்தாக வேண்டும். 60 குதிப்பில் அந்த முடிவு பழகியிருக்காது.

போட்டிக்காரர்கள் 2, 2.5 என்ற சுமையில் பறப்பதைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அவர்களின் செட்டை 70, 80 சதுர அடிதான். திருப்பத்துக்குப் பிறகு தானாகச் சீக்கிரம் நிமிராமல் பாய்ந்துகொண்டே இருக்கும்படி அதை வேண்டுமென்றே வடிவமைக்கிறார்கள். ஓட்டுபவர் நல்ல உயரத்தில் திரும்பி, பாய்ச்சலில் வேகம் சேர்த்து, பின் ரைசரை (தோள் பட்டியையும் பின் கயிறுகளையும் இணைக்கும் நாடாவை) மெல்ல இழுத்து, தரைக்குச் சமாந்தரமாக வழுக்கிக்கொண்டு போவார். பழைய செட்டை சட்டென்று நிமிர்ந்துவிடும் என்ற கைப்பழக்கத்தோடு இதைத் தாழத் திருப்பினால் நிமிர உயரமே மிஞ்சாது. ஒழுங்காக விரிந்த, ஒரு குறையும் இல்லாத செட்டையின் கீழே உயிர்விட்டவர்கள் இந்த விளையாட்டில் கணிசமான பேர். அப்படிப்பட்ட சில பைகள் எங்கள் கூடத்துக்குச் சோதனைக்கு வந்திருக்கின்றன. கயிறு, தையல், துணி எல்லாம் சரியாகவே இருக்கும். அவற்றைத் தொட்டுப் பார்த்த கையால்தான் இதை எழுதுகிறேன். 190லேயே இருங்கள். அதிலே காற்றுக்கு எதிராகவும், குறுக்குக் காற்றிலும், பாதி பிரேக்கிலும் நினைத்த இடத்தில் இறங்கப் பழகுங்கள். பிறகு 170.

21 அறை, 27 அறை என்று எழுதியிருந்தீர்கள். அறை கூடினால் வேகம் கூடுமா? உள்ளே சாய்வாகத் துணி தைப்பது எதற்கு? — உயர்தர மாணவி, கிண்ணியா

நல்ல கேள்வி தங்கச்சி. இந்தச் சதுரப் பரசூட்டின் மூலம் டொமினா ஜால்பர்ட் என்பவர் 1964இல் கண்டுபிடித்த துணிச் செட்டை. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்தவர், பட்டமும் பலூனும் கட்டியவர். மேல் துணி, கீழ் துணி, இரண்டுக்கும் நடுவே விமானச் செட்டையின் குறுக்குவெட்டு வடிவில் வெட்டிய விலாத் துணிகள். முன்பக்கம் திறந்த வாய். உள்ளே புகும் காற்றுக்குப் பின்னால் வெளியேற வழியில்லை, அதனால் அந்த அழுத்தமே துணியை விறைப்பாக்குகிறது. கம்பியும் தடியும் தேவையில்லை.

சிக்கல் எங்கே என்றால், எல்லா விலாவிலும் கயிறு கிடையாது. சாதாரணச் செட்டையில் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் இருக்கும். கயிறு கட்டிய இரண்டு விலாக்களுக்கு நடுவே உள்ள இடம்தான் ஓர் அறை. கயிறு உள்ள விலாவைப் பாரம் கீழே இழுக்கும். கயிறு இல்லாதது காற்றழுத்தத்தில் மேலே உப்பும். மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகி, செட்டை பக்கவாட்டில் சுருங்கி, காற்று வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் இடறும். சாய்வுத் துணி இதற்காகத்தான். கயிறு கட்டிய விலாவின் அடியிலிருந்து பக்கத்து விலாவின் தலைக்குச் சாய்வாகப் போய், உப்புகிற தலையைப் பிடித்துக் கீழே வைத்திருக்கும். மேற்பரப்பு தட்டையாகும். ஒவ்வொரு அறையும் இப்படி மூன்றாகப் பிரியும்: ஏழு அறைச் செட்டை 21 ஆகும், ஒன்பது அறை 27 ஆகும். வேகப் பரசூட் வகைகளில் வெலோசிட்டி 21 அறை, ஐகாரஸ் விஎக்ஸ் 27. ஆகவே எண்ணிக்கை வேகத்தைத் தருவதில்லை. தட்டையான, வளையாத மேற்பரப்புத் தருகிறது. அதற்கு விலையும் உண்டு: துணி கூடும், தையல் கூடும், மடித்தால் பருமனும் கூடும்.

இன்னொரு விஷயம், கயிற்றின் நீளம். வல்வெட்டித்துறைப் பொங்கல் பட்டங்களுக்கு முச்சை கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மேல் நூலைக் கொஞ்சம் குறைத்தால் அதே பட்டம் வேறு சாய்வில் நிற்கும். பரசூட்டிலும் முன் கயிறுகளைப் பின்னதை விடக் குறைத்தால் மூக்குத் தாழ்ந்து செங்குத்தாகப் பாயும். வடிவமைப்பாளர் மாதக்கணக்காக உட்கார்ந்து மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் இந்த நீளங்களைத்தான். என்னைக் கேட்டால், செட்டையின் குணம் துணியில் பாதி, முச்சையில் பாதி.

கயிறு என்ன கயிறு? நாங்கள் கடலில் பாவிக்கும் நூல் தாங்குமா? — மீனவர், மூதூர்

அண்ணா, உங்களுக்குப் பழகிய இழைதான். பெரிய மீனுக்கு வாங்கும் பின்னல் தூண்டில் நூல் இருக்கிறதே, அந்த வகைப் பொலித்தீன் இழையைப் பரசூட்டில் ஸ்பெக்ட்ரா என்பார்கள். மெல்லியது, வலுவானது. ஆனால் 150 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். செட்டை விரியும்போது அதை மெதுவாக விரிய வைக்க ஸ்லைடர் என்ற துணி கயிறுகளின் மேல் உரசிக்கொண்டு இறங்கும். அந்த உரசல் சூட்டில் ஸ்பெக்ட்ரா ஒவ்வொரு தடவையும் துளி துளியாகச் சுருங்கும். ஓரக் கயிறுகளும் பிரேக் கயிறுகளும் கூடுதலாகச் சுருங்கும். பிரேக் கயிறு குறைந்தால் ஓட்டுபவர் கை வைக்காமலே செட்டையின் வால் இழுபட்டு நிற்கும். சின்னச் செட்டையில் இது உடனே தெரியும். அதனால் வேகச் செட்டைகளுக்கு வெக்ட்ரன் அல்லது எச்எம்ஏ என்ற வேறு இழைக் கயிறு போடுவார்கள். இவை சூட்டில் சுருங்காது, ஆனால் தேய்ந்து நைந்து அறும். எனவே பார்வைக்கு நன்றாக இருந்தாலும் குறித்த குதிப்புக்குப் பிறகு மாற்றியே தீர வேண்டும். முடிச்சுப் போடுவதில்லை. கயிற்றை அதே கயிற்றின் உள்ளே நுழைத்து இழுத்து, மேலே நெருக்கமாகத் தைப்போம். நீங்கள் கயிறு பிரித்துப் பின்னிச் சேர்க்கிற ஆள் என்றால் ஒரு மணித்தியாலத்தில் பழகிவிடுவீர்கள்.

கோணேசர் மலையிலிருந்து இதைக் கட்டிக்கொண்டு குதிக்க முடியுமா? — மாணவன், நிலாவெளி

முடியாது. இந்தச் செட்டைகள் உடம்பு குலுங்காதபடி வேண்டுமென்றே மெதுவாக விரிகின்றன. அதற்கே பல நூறு அடி உயரம் கரைந்துவிடும். மலையின் உயரம் அதற்குக் காணாது, கீழே பாறையும் கடலும். அதோடு அது கோயில். இந்த யோசனையை இன்றைக்கே விட்டுவிடு, தம்பி.

நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். இந்தத் துணி எப்படிப்பட்டது? நம் பெண்கள் இந்த வேலையைப் பழகலாமா? — வாசகி, அன்புவழிபுரம்

தாராளமாகப் பழகலாம். கூடத்தில் என்னோடு இருந்தவர்களில் பலர் ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வந்த பெண்கள்தான். துணி நைலோன். பழைய வகை புதிதில் காற்றைத் தடுக்கும், குதிக்கக் குதிக்கக் காற்றை விடத் தொடங்கும். இப்போதையதில் சிலிக்கோன் பூசியிருப்பதால் காற்று அறவே புகாது. அதுதான் சின்னச் செட்டைகளைச் சாத்தியமாக்கியது. ஆனால் வழுக்கும். புதியதை மடிப்பதே ஒரு போராட்டம், தைக்கும்போது மேல் துணியும் கீழ் துணியும் ஒன்றையொன்று விட்டு நழுவும். விளிம்பு இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, இரட்டை ஊசி மெஷினில் இரு வரிசையாக, நைலோன் நூலால் தைப்போம். விலாத் துணியில் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். சாய்வாக வெட்டினால் இழுபடும், இழுபட்டால் செட்டையின் வடிவமே மாறிவிடும். அதனால் கம்பனிகளில் கணினிதான் வெட்டுகிறது.

மனிதர் தொங்கப் போகும் பரசூட்டை, அதற்கென்று பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. ஆகவே படகுக் கூரையிலும் பாய்த் துணியிலும் தொடங்குங்கள். உப்புவெளியில் நான் இப்போது செய்வதும் அதுதான். வழுக்கும் துணியில் இரட்டை ஊசித் தையல் நேராக விழும் வரை பழகிவிட்டு, ஒரு முழத் துண்டைத் தைத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்து, அடுத்து என்ன பழக வேண்டும் என்று எழுதுகிறேன்.