அம்மாவுக்குக் கபாப் கொடுங்கள், கூடவே தேநீர் வேண்டாம்

அம்மாவுக்கு இரும்புச்சத்துக் குறைவு, சிவாஜிநகரில் வாங்கும் ஆட்டிறைச்சி சீக் கபாப் (கம்பியில் சுட்ட கொத்துக்கறி) கொடுத்தால் கொழுப்பு ஏறிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். அளவோடு கொடுங்கள். கீரையில் உள்ள இரும்பைவிட இறைச்சியில் உள்ளதை உடல் எளிதாக ஏற்கும். பி12 சத்தும் கிடைக்கும். சாப்பிட்ட கையோடு தேநீர் மட்டும் வேண்டவே வேண்டாம், இரும்பு உடலில் சேர்வதை அது குறைத்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கொத்துக்கறிக் கபாப் காய்ந்துபோகாமல் இருக்கக் கொழுப்பையும் சேர்த்தே அரைப்பார்கள். உஸ்பெகிஸ்தானில் ஷாஷ்லிக் என்னும் கபாபுக்கு, கம்பியில் கறித்துண்டுகளுக்கு நடுவே செம்மறி வால் கொழுப்பையே கோர்ப்பார்கள்! அம்மாவுக்கு அவ்வளவு கொழுப்பு ஆகாது. தொடைக்கறியைத் துண்டுபோட்டு, பச்சைப் பப்பாளி விழுதில் சற்று நேரம் ஊறவைத்து, வீட்டிலேயே சுடுங்கள். கருகிய ஓரத்தை நறுக்கிவிட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.