தொட்டிலில் பழகியது

அன்புள்ள ஐயா,

நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. சென்ற வாரம் விளையாட்டு நேரத்தில் ஒரு மாணவன் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். மற்றவர்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். ஒருவன் மட்டும் நின்று சிரித்தான். எல்லோர் முன்னாலும் கண்டித்தேன். அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், இரக்கமெல்லாம் பிறவியிலேயே வர வேண்டும்” என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர். பிறர் வலியை உணர்வதையும், தன்னைத் தானே கேட்டுக்கொள்வதையும் சொல்லிக்கொடுக்கவே முடியாதா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பழமொழியை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். அதில் இருக்கும் சொல் பிறப்பு அல்ல, பழக்கம்.

பிறவியில் வருவதும் உண்டு. பிரசவ வார்டில் ஒரு சிசு அழுதால் பக்கத்துச் சிசுவும் அழத் தொடங்கும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வார்னெக்கன், டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றரை வயதுக் குழந்தைகளைக் கவனித்து 2006இல் எழுதினார்கள். துணி காயப்போடுபவர் கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டுகிறார். குழந்தை தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கிறது. யாரும் கேட்கவில்லை, பரிசும் இல்லை. உங்கள் மாணவனும் அந்த வயதைத் தாண்டி வந்தவன்தான்.

தன்னைப் பார்த்துக்கொள்வது அப்படித் தானாக வருவதில்லை. அதற்குச் சொற்கள் வேண்டும். பயம், வெட்கம், பொறாமை என்று பெயர் தெரியாத பிள்ளை தன் நெஞ்சில் நடப்பதை எப்படிப் பிரித்தறியும்? கனடாவின் டொராண்டோவில் 1996இல் மேரி கார்டன் என்ற கல்வியாளர் தொடங்கிய திட்டத்தில், ஒரு கைக்குழந்தை பெற்றோருடன் அவ்வப்போது வகுப்பறைக்கு வருகிறது. பச்சை விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து, அது ஏன் அழுகிறது, அதற்கு என்ன வேண்டும் என்று மாணவர்கள் ஊகிக்கிறார்கள். அங்கிருந்து பேச்சு அவர்களுடைய சொந்த அழுகைக்கும் கோபத்துக்கும் வந்து சேர்கிறது.

அறிவுரையால் இது வராது என்றே நினைக்கிறேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் செய்து 1973இல் வெளியிட்ட சோதனை என்னை இன்றும் உறுத்துகிறது. இறையியல் மாணவர்கள் சொற்பொழிவாற்றப் போகிறார்கள். பாதிப் பேருக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய பைபிள் கதைதான் தலைப்பு. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுகிறார். அவகாசத்தோடு வந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். எந்தத் தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பதால் சொல்லும்படியான வேறுபாடு வரவில்லை. மணியடித்து மணியடித்து ஓட்டப்படும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

எனக்குப் பத்து வயதில் பாட்டி இறந்தார். கூடத்தில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பளாரென்று அடி விழுந்தது. ‘கல்நெஞ்சுக்காரன்’ என்ற பெயர் உறவில் வெகுகாலம் நின்றது. நானும் அதை நம்பினேன். அது பயத்தில் வந்த சிரிப்பு என்று எனக்கே தெரிய இருபது ஆண்டுகள் ஆயின. அன்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, “உனக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அந்தப் பையனைத் தனியாகக் கேளுங்கள். வகுப்பின் முன்னால் வேண்டாம்; பள்ளி விட்டபின், அவசரமில்லாத ஒரு மாலையில். ஏன் சிரித்தாய் என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். அவன் விழுந்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். உடனே பதில் வராது. ‘தெரியாது’ என்றால் விட்டுவிட்டு, இன்னொரு நாள் கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்பதை எனக்கு எழுதவும் வேண்டாம். அது அவன் உங்களிடம் சொன்னது.

அன்புடன்.