வாங்காத கடனைக் கட்டிவிடாதீர்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். என் பெயரில் ஏதோ ஒரு ஆப்பில் வாங்கிய 38,000 ரூபாய் எட்டு மாதமாகக் கட்டாமல் இருக்கிறதாம். நான் வாங்கவே இல்லை. தொல்லை விட்டால் போதும் என்று கட்டிவிடட்டுமா?"

கட்டாதீர்கள். ஒரு ரூபாய் கட்டினாலும் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், நாளைக்கு மோசடி என்று சொன்னால் "அப்புறம் ஏன் கட்டினீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் இன்னும் மோசம், 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் முடித்த கடன் என்ற குறிப்பு உங்கள் கடன் அறிக்கையில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் முழு கடன் அறிக்கையை, அதாவது உங்கள் பெயரில் உள்ள கடன்களின் பதிவை எடுங்கள். சிபில் மட்டும் போதாது; எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று இந்தப் பதிவை வைத்திருப்பவை மொத்தம் நான்கு நிறுவனங்கள், ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எல்லோரும் ஸ்கோரைப் பார்த்துப் பதறுகிறார்கள், அதை விடுங்கள். உங்கள் பெயருக்குக் கீழே இருக்கும் செல்போன் எண், முகவரி, மின்னஞ்சல் வரிகளைப் படியுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு எண் அங்கே உட்கார்ந்திருந்தால் அதுதான் உங்கள் முதல் சாட்சி. கடைசியில், கடன் கேட்டபோது யார் யார் உங்கள் அறிக்கையைப் பார்த்தார்கள் என்று காட்டும் விசாரணைகள் பகுதி வரும். அதே வாரத்தில் வேறு நிறுவனங்களும் உங்கள் பான் எண்ணைப் பார்த்திருந்தால், திருடன் இன்னும் சில கதவுகளைத் தட்டியிருக்கிறான்.

சரி, அடுத்து அறிக்கை தந்த அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே 'டிஸ்ப்யூட்', அதாவது இந்தப் பதிவு தவறு என்ற ஆட்சேபம் போடுங்கள். அதே நாளில் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசிப் பயனில்லை, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். விண்ணப்ப நகல், கேஒய்சிக்கு (ஆளை அடையாளம் சரிபார்க்க) எடுத்த செல்ஃபி, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு எண் இந்த மூன்றையும் கேளுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பது தெரிந்துவிட்டால் உங்கள் பக்கம் பெரிய பலம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. நிறுவனத்தின் பதில் திருப்தியில்லை என்றாலும் 30 நாளில் பதிலே வரவில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லை.

தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதிந்து, காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிடுங்கள். 'சிபில் சரிசெய்து தருகிறோம்' என்று வரும் ஏஜென்ட்டுகளிடம் மட்டும் போகாதீர்கள், மறுபடியும் உங்கள் பான், ஆதாரைத்தான் கேட்பார்கள்.

ஒரு தடவை கசிந்த பான், ஆதார் விவரம் ஒரு கடனோடு நிற்காது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் உங்கள் பெயரில் யாராவது போலிக் கம்பெனி நடத்துகிறார்களா என்று தெரியும். ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள், ஏனென்றால் கைரேகையும் ஆதார் எண்ணும் வைத்து ஓடிபி இல்லாமலேயே பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. பூட்டினால் ரேஷன் கடையில் விரல் வைத்தாலும் ஏற்காது, போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள்.

எங்கே கசிந்தது என்று கேட்டால் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வருகிறது. பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன், கடைக்காரர் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தார், திரை முழுக்க ஊராருடைய ஆதார், பான், பாஸ்புக் பிடிஎஃப்கள்! அவர் மேல் தப்பு இல்லை, யாரும் அழிக்கச் சொல்லவில்லை. நான் இப்போதெல்லாம் பிரிண்ட் வந்ததும் என் கண் முன்னால் அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். கேட்கிற இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள். ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் வீட்டுக் கடனுக்கு: டிஸ்ப்யூட் எண்ணையும் சிஎஸ்ஆர் நகலையும் மேனேஜரிடம் கொடுத்து, விண்ணப்பத்தை நிராகரிக்காமல் நிறுத்தி வைக்கக் கேளுங்கள். அதற்குள் வேறு நான்கு வங்கிகளில் விண்ணப்பிக்க வேண்டாம், ஒவ்வொன்றும் விசாரணைப் பட்டியலில் ஏறும். திருத்தம் வந்ததும் நான்கு அறிக்கையிலும் அந்தக் கடன் போய்விட்டதா என்று பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.