ஆய்வுக் கட்டுரையை முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: வணிகவியலில் பகுதிநேர பிஎச்டி செய்கிறேன். திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர்களின் சேமிப்புப் பழக்கம் பற்றிய சர்வே முடிந்துவிட்டது. ஆனால் முன்னுரையையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன், கட்டுரை நகரவில்லை. தரவை அனுப்பினால் தானே எழுதி ஸ்கோப்பஸ் (ஆய்விதழ்களைப் பட்டியலிடும் சர்வதேசத் தளம்) ஜர்னலில் போட்டுத் தருவதாக ஒருவர் சொன்னார். முன்பணமும் கொடுத்துவிட்டேன். என்ன செய்வது?

பதில்: முன்னுரையை மூடி வையுங்கள். முடிவுகளையே இன்னும் எழுதாதபோது எதற்கு முன்னுரை எழுதுவீர்கள்? ஆய்வுமுறையில் தொடங்குங்கள். அது நீங்கள் செய்த வேலை. செய்ததை நினைவுபடுத்தி எழுதினால் போதும்.

"தொழிலாளர்களிடம் வினாத்தாள் மூலம் தரவு திரட்டப்பட்டது" என்று ஒரே வரியில் பலர் முடித்துவிடுகிறார்கள். இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் தேடுவது வேறு. எத்தனை கம்பெனி, அவற்றை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? கட்டிங், தையல், செக்கிங் எல்லாப் பிரிவிலும் கேட்டீர்களா? சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது சம்பளத்தைக் கேட்டீர்களா, ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபின் கேட்டீர்களா? இந்தி பேசும் தொழிலாளிக்குக் கேள்வியை மொழிபெயர்த்தது யார்? பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர்? இவற்றுக்குப் பதில் எழுதினாலே இரண்டு பக்கம் வந்துவிடும்.

அடுத்து அட்டவணைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் என்ன காட்டுகிறது என்று மட்டும் எழுதுங்கள். ஏன் அப்படி என்பதை விவாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆய்வுகளோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது, உங்கள் தரவால் எதைச் சொல்ல முடியாது என்பதும் அங்கேதான் வரவேண்டும். அதன்பிறகு முன்னுரை தானாக வரும். சுருக்கம் கடைசியில்.

இப்போது அந்த ஏஜென்ட். முடிவு சாதகமாக வருவதற்காக உங்கள் எண்களை அவர் மாற்றினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. யாரோ எழுதியதை சாஃப்ட்வேரில் போட்டு வார்த்தை மாற்றுவார். அந்தப் பகுதி தீசிஸுக்குள் (பிஎச்டி ஆய்வேட்டுக்குள்) போனால் மாட்டிக்கொள்வது நீங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி தீசிஸில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வாய்மொழித் தேர்வான வைவாவில் அவர் உங்களுக்காக வந்து உட்காரமாட்டார்.

'யுஜிசி கேர் அங்கீகாரம்' என்று யாராவது விளம்பரம் அனுப்பினால் நம்பாதீர்கள். கேர் என்பது யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல்; அந்தப் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஸ்கோப்பஸ் என்றால், அதன் இணையதளத்தில் பணம் கட்டாமலே இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டுப் பாருங்கள். ஸ்கோப்பஸ் சேர்ப்பதை நிறுத்திவிட்ட இதழ்களும் அதில் தெரியும். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு, ஆகவே ஏஜென்ட் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள். பேப்பரைப் படிக்காமல் எண்ணிப் புள்ளி போடும் முறைதான் இந்த வியாபாரத்தை வளர்த்தது. அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை என்பதில் எனக்குக் கோபம்தான்.

கட்டுரை கட்டாயம்தானா என்றும் பாருங்கள். யுஜிசியின் 2022 பிஎச்டி விதிகள் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆனால் 2022 நவம்பர் 7-க்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதிதான். 2016 விதியின் கீழ் பதிந்திருந்தால், தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசிப்பும் வேண்டும். பின்னர் பதிந்திருந்தாலும் பல்கலைக்கழகம் தனக்கென்று ஒரு நிபந்தனை வைத்திருக்கலாம். கைடு வாய்மொழியாகச் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், நீங்கள் பதிந்த ஆண்டுக்குரிய விதிமுறைப் பிரதியை ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு வாங்குங்கள்.

முன்பணத்தை மறந்துவிடுங்கள். தரவுக் கோப்பை அனுப்பாதீர்கள், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பெயரில் எங்காவது ஏற்கெனவே சமர்ப்பித்திருந்தால், திரும்பப் பெறுவதாக அந்த இதழின் ஆசிரியருக்கு நீங்களே மெயில் அனுப்பி, பதில் வந்தபிறகே வேறு இதழுக்கு அனுப்புங்கள்.