சோழர் அவையில் நின்றவர்கள்

அன்புள்ள ஐயா,

சரித்திரக் கதைகளைப் படித்துப் படித்து, அரசவை என்றாலே எனக்கு ஒரே காட்சிதான் மனதில் வருகிறது. நடுவில் ராஜா, பக்கத்தில் சதி செய்யும் மந்திரி, எதிரே பொற்கிழிக்காகப் புகழ்ந்து பாடும் புலவர். மற்றவர்கள் எல்லாம் ‘வாழ்க’ சொல்வதற்கு மட்டும். சோழர் அவையில் இருந்தவர்கள் உண்மையில் என்னதான் வேலை செய்தார்கள்? அவைப்புலவர்கள் பாடியதெல்லாம் வெறும் முகத்துதி, படிக்கவே வேண்டாம் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா?

அன்புடன்,
ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சோழ அரசர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்களைச் சுற்றி நின்றவர்கள் எழுதி வைத்ததுதான். அந்த ஆட்களைக் கழித்துவிட்டால் ராஜராஜனே நமக்குக் கிடைக்க மாட்டான்.

நீங்கள் இருப்பது கும்பகோணத்தில், தஞ்சைப் பெரிய கோயில் பக்கம்தான். ஸ்ரீவிமானத்தின், அதாவது கருவறை மேல் எழும் பெரிய கோபுரத்தின், அடித்தளத்தில் இருக்கும் கல்வெட்டை ஒருமுறை நின்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆட்சியின் 26ஆம் ஆண்டு, 20ஆம் நாள். அரண்மனைக்குள் இருமுடிசோழன் என்ற மாளிகையின் கிழக்குத் திருமஞ்சன சாலையில், அதாவது குளியல் மண்டபத்தில், அரசன் தானம் செய்துகொண்டிருக்கிறான். அப்போது சொல்கிறான்: ‘நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ ஸ்ரீவிமானத்திலே கல்லிலே வெட்டுக. அக்கன் என்றால் குந்தவை. மனைவிமாருக்கு முன்னால் அக்காவைச் சொல்லியிருக்கிறான், அந்த வரிசை கூட மாறாமல் கல்லில் இருக்கிறது. எந்த நாள், எந்த மாளிகை, எந்தப் பக்கத்து அறை என்பது முதற்கொண்டு குறித்துக்கொள்ள அங்கே ஒருவர் நின்றிருக்க வேண்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அரசனைவிட அந்த ஆளின் மேல்தான் கண் போகிறது.

அந்த ‘மற்றும் குடுத்தார்’ பட்டியலில் அவையோரும் உண்டு. கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்த பொய்கை நாடு கிழவன் ஆதித்தன் சூரியன் நாயன்மார் படிமங்களைச் செய்து கொடுத்திருக்கிறார். கோயிலைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகையை அரசன் சொல்லிக் கட்டியவர் சேனாபதி கிருஷ்ணன் ராமன், பட்டம் மும்முடிச்சோழ பிரம்மமாராயன்.

இதே கிருஷ்ணன் ராமன் இன்னொரு இடத்திலும் வருகிறார். நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்த கதை தெரிந்திருக்கும், அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வாங்கிவிட்டன. 21ஆம் ஆண்டு, 92ஆம் நாள், தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையில் இருந்து அரசன் வாயால் சொல்கிறான். ஓலை எழுதும் அதிகாரி அதை எழுதுகிறார். அதன் பிறகு திருமந்திர ஓலை நாயகம், அதாவது அரசனின் ஓலைகளுக்குப் பொறுப்பான மேலதிகாரிகள், ஒப்பம் வைக்க வேண்டும். அவர்களில் ஒருவர்தான் நம் கிருஷ்ணன் ராமன். அப்புறம் புரவுவரி என்ற நிலவரித் துறைக்காரர்கள், வரிப்பொத்தகம் வைத்திருப்பவர்கள் என்று கை மாறி மாறிப் போய், வரிக்கணக்கில் ஏறுகிறது. அதோடும் முடியவில்லை. அதிகாரிகள் ஊருக்கே போய், நாட்டாரோடு ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, எங்கே எந்த வாய்க்கால் எல்லை என்று எழுதி வருகிறார்கள். இதற்குள் ராஜராஜனே மறைந்துவிட்டான், மகன் ராஜேந்திரன் காலத்தில்தான் இது செப்பேட்டில் ஏறியது. ஆனால் தகப்பன் சொன்ன நாளும் இடமும் அதில் பிசகாமல் இருக்கின்றன. ஓலையைக் கட்டிக் காத்த ஓர் அலுவலகம் இல்லாமல் இது நடந்திருக்க வழியே இல்லை. நீங்கள் ‘வாழ்க’ சொல்வதற்கு மட்டும் என்று நினைத்தவர்கள் செய்த வேலை இது.

சதி கேட்டீர்கள், அதுவும் இருந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆண்டு: அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளில் ஒருவனான ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம். அரசர்கள் கொடுக்கும் பட்டம்தான், ஆக சாதாரண ஆள் இல்லை. ஆனால் கதைகளில் வருகிற மாதிரி அந்தக் கல்வெட்டு கொலையைப் பற்றி எதையும் விவரிக்கவில்லை. அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த நிலத்தை என்ன செய்வது என்பதுதான் அதன் கவலை.

சரி, புலவர்களுக்கு வருகிறேன். கலிங்கப் போரைப் பற்றி ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் ஓர் அவைக் காட்சி. முதலாம் குலோத்துங்கன் (1070–1120) காஞ்சியில் இருக்கிறான், சிற்றரசர்கள் திறையோடு, அதாவது கப்பத்தோடு, வாசலில் காத்து நிற்கிறார்கள். ‘திருமந்திர ஓலையான் முன் வணங்கி’ அவர்கள் வந்திருப்பதைச் சொல்கிறான். செப்பேட்டில் வரும் அதே திருமந்திர ஓலை அலுவலகம்தான், இங்கே பாட்டுக்குள் எழுந்து நின்று பேசுகிறது! திறை வந்து சேர்ந்ததும் வராதவர் உண்டா என்று அரசன் கேட்க, வடகலிங்கத்து மன்னன் இரண்டு முறை தவறிவிட்டான் என்று பதில் வருகிறது. படையோடு போய் வர எனக்கு விடை கொடுங்கள் என்று கேட்பவன் கருணாகரத் தொண்டைமான். போரை நடத்துபவன் அவன்தான், பரணி பாடப்படுவதோ குலோத்துங்கன் மேல், அவன் களத்துக்கே போகவில்லை. அவை எப்படி இயங்கியது, உழைப்பு யாருடையது, பெயர் யாருடையது என்பதை ஜெயங்கொண்டார் கொஞ்சமும் மறைக்காமல் பாடியிருக்கிறார். உள்ளே இருந்து பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

ஒட்டக்கூத்தர் விஷயம் வேறு. விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் ராஜராஜன் என்று மூன்று அரசர்களுக்கு அவைப்புலவர், மூவர் மேலும் உலா பாடினார். அரசன் வீதியில் வருகிறான், ஏழு பருவத்துப் பெண்களும் மயங்குகிறார்கள். இதில் புகழ்ச்சி தூக்கல்தான், எனக்கே பல இடங்களில் அலுக்கிறது. ஆனாலும் விக்கிரம சோழன் உலாவில் அரசனோடு வருகிறவர்களின் வரிசை இருக்கிறதே, தொண்டைமான், செஞ்சிக் காடவன், வாணன் என்று, அதை வரலாற்று ஆய்வாளர்கள் கல்வெட்டுகளோடு வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது பொக்கிஷம்.

உங்கள் நண்பர்களிடம் நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய பெயர் சேக்கிழார். குன்றத்தூர்க்காரர், அனபாயன் என்ற இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர் என்று மரபு சொல்கிறது. ஒட்டக்கூத்தர் இருந்த அதே அவை. இவர் பெரியபுராணத்தில் அனபாயனை அங்கங்கே மறக்காமல் வாழ்த்துகிறார், அமைச்சர் அல்லவா. ஆனால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பாடல்களில் யாரைப் பாடுகிறார் பாருங்கள். குயவர், வண்ணார், வேடர், மீனவர். நந்தனாரின் ஆதனூர்ப் புலைப்பாடிக்குள் போகிறார். அங்கே கோழிக்குஞ்சுகள் சுற்றித் திரிகிற முற்றத்தில் நாய்க்குட்டிகள் துள்ளுகின்றன. கையில் இரும்புக் காப்பு போட்ட கறுத்த பையன்கள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அவர்கள் அரையில் கட்டியிருக்கும் இரும்பு மணிகளின் சத்தத்தில் குட்டிகளின் மெல்லிய குரைப்பு அடங்கிப் போகிறது. ‘கருஞ்சிறார் கவர்ந்தோட’ என்று எழுதுகிறார். முகத்துதி செய்து மட்டுமே பழகிய கண்ணுக்கு அரையில் கட்டிய அந்த மணி தெரியுமா? பேரரசின் அமைச்சர் ஒருவர் அந்தத் தெருவில் நின்று இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய ஆச்சரியம்.

நண்பர்களுக்கு நந்தனாரைப் பற்றிய திருநாளைப்போவார் புராணத்தை முதலில் படிக்கக் கொடுங்கள், சின்னதுதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். பிறகு பரணியின் திறைக் காட்சி. உலாக்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.