அரச செலவுக்கு உச்ச வரம்பு என்றால் என்ன? மட்டக்களப்பில் இருக்கும் நமக்கு அதில் என்ன?

அரசாங்கம் ஒரு வருடத்தில் இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக்கூடாது என்று சட்டமே கோடு போடுவதுதான் உச்ச வரம்பு. இலங்கையில் 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டப்படி, கடன் வட்டி நீங்கலான செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஏன்? வருமானத்தை மீறிய செலவைக் கடன் வாங்கியும் பணம் அச்சடித்தும் சமாளித்தால் என்ன ஆகும் என்பதை 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றே பார்த்துவிட்டோம்.

நம்ம ஊர்க் கோயில் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த காசுக்குள் வண்ணக்கர் (கோயில் நிர்வாகப் பொறுப்பாளர்) செலவை முடித்தால் மட்டும் போதாது. பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று கூட்டத்தில் கணக்கு வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர் சும்மா விடாது. (விட்ட ஊர்களும் உண்டு, அது வேறு கதை.) அந்த வாசிப்புத்தான் வெளிப்படைத்தன்மை.

சரி, களுவாஞ்சிக்குடியில் போட்ட ஒரு வீதிக்கு எவ்வளவு செலவானது? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை யாரும் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

வரம்பு இருந்தால், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் அஸ்வெசும கொடுப்பனவு தானாக வெட்டப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். வரம்பு மொத்தத் தொகைக்குத்தான், எதைக் குறைப்பது என்பது ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்டத்தில் எடுக்கப்படும் முடிவு.