ரூட்மாஸ்டர் வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். அப்பா 1960களில் கொழும்பில் வேலைக்குப் போனது லண்டனிலிருந்து வந்த சிவப்பு மாடி பஸ்ஸில்தான். அந்த ஞாபகத்துக்காக லண்டனின் பழைய மாடி பஸ்ஸான ரூட்மாஸ்டர் ஒன்று வாங்க ஆசை. 1962ஆம் ஆண்டு வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, பெயின்ட் பளபளக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அப்பா போன பஸ் ரூட்மாஸ்டருக்கு முந்தைய ஆர்.டி. குடும்பத்து வண்டியாக இருந்திருக்கும். லண்டனில் ஓடி முடித்தவை அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கில் இலங்கைக்குப் போயின. ரூட்மாஸ்டர் அங்கே போனது 1980களின் கடைசியில், அதுவும் கொஞ்சம்தான். ஆனாலும் முதல் வண்டியாக ரூட்மாஸ்டரையே வாங்குங்கள். மொத்தம் 2,876 கட்டினார்கள், நிறைய இன்னும் ஓடுவதால் உதிரிபாகமும் கிடைக்கும், கை தேர்ந்த ஆளும் கிடைப்பார்.

பெயின்ட்டை விடுங்கள். அலுமினிய உடம்பு, துருவே பிடிக்காது என்று விற்பவர் சொல்வார், அது பாதிதான் உண்மை. இந்த வண்டிக்கு முழுநீள சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இரும்புச் சட்டங்களை அலுமினிய உடம்போடு பூட்டியிருப்பார்கள். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும், இரும்பு தன் பங்குக்குத் துருப்பிடிக்கும். ஒருமுறை நான் பார்க்கப் போன வண்டியில் பின்பக்கத் திறந்த மேடைக்கு அடியில் டார்ச் அடித்து ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினேன், புதிதாகப் பூசிய கறுப்புப் பெயின்ட்டோடு உள்ளங்கை அகலத்துக்குத் துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுந்தது. மேலே சிவப்பு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

எஞ்சின் அவ்வளவு கவலை இல்லை. ஏ.இ.சி. எஞ்சினா, பிற்காலத்தில் மாற்றிய கம்மின்ஸா இவெகோவா என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்னே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று நீங்களே பார்க்க வேண்டும்.

அப்புறம், 1962 என்பது நம்பர் பிளேட்டின் வயது, உடம்பின் வயது வேறாக இருக்கலாம்! லண்டன் பஸ்களுக்கு ஆல்டன்ஹாமில் பெரிய மராமத்துப் பட்டறை இருந்தது, 1986இல் மூடினார்கள். அங்கே போன வண்டியின் உடம்பைக் கழற்றித் தனியாகச் செப்பனிடுவார்கள், சில வாரம் கழித்து அதே நம்பரில் வேறொரு உடம்பு வெளியே வரும். அதனால் உடம்பு எண் பொறித்த சின்னத் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள், பழைய பதிவுகளோடு ஒப்பிடுங்கள். ஒரு வண்டி எந்த டெப்போவில் கிடந்தது, எந்த ரூட்டில் ஓடியது என்று அங்கிருந்துதான் பிடிபடும், எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ரொம்பப் பிடித்த வேலையும் அதுதான்.

ஓட்ட முடியுமா என்ற பயம் வேண்டாம். உங்களுக்கு 21 வயதாகி, கார் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தால், 30 வருடத்துக்கு மேல் பழைய பஸ்ஸை எட்டுப் பயணிகள் வரை ஏற்றி ஓட்டலாம். காசு மட்டும் வாங்கக் கூடாது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கூரையுள்ள இடத்தைப் பிடித்துவிடுங்கள், மழையில் நிற்கும் வண்டி இரண்டு குளிர்காலத்தில் வீணாகிவிடும். உயரம் 14 அடி 4½ அங்குலம். கொட்டகை வாசலை நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள்.